இரண்டாவது படிவம்

ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் நான் மறந்த பொருட்களில் மிகப் பெரியது என் சைக்கிள். அதைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, தோழியோடு பேசிக்கொண்டே நடந்து வீடு வந்து சேர்ந்திருந்தேன். மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது. வீட்டுப்பாடத்தை எழுதிவிடுவேன், நோட்டை எடுத்துப்போக மாட்டேன். தேர்வில் வினாத்தாளின் முதல் பக்கத்துக்கு முழு மதிப்பெண் வாங்குவேன். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கடைசியில் வகுப்பாசிரியை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிள்ளைகளுக்கான மனநல டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார்.

இரண்டு மாதம் காத்திருந்து அந்த டாக்டரிடம் கிடைத்த நேரம் அது. அம்மா நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பாதி நாள் லீவு போட்டு அங்கிருந்தே வந்துவிடுவாள். என்னை அழைத்துவரும் பொறுப்பு மிக்சியும் ஃபேனும் பழுது பார்க்கிற அப்பாவுடையது. கடிதம், விடைத்தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் வைத்து அப்பாவிடம் கொடுத்தாள் அம்மா.

"பிள்ளை, ஃபைலு, பதினோரு மணி. மூணே மூணு காரியந்தான். மறந்திராதிய."

அப்பா மிகுந்த பொறுப்போடு தலையாட்டினார்.

நாகர்கோவில் வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பத்துகூட ஆகவில்லை. சந்தையை ஒட்டி ஒருவர் பேட்டரியில் ஓடும் தேங்காய்த் துருவியைக் கூவி விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் எட்டிப் பார்த்த நேரம், அது 'க்ர்ர்' என்று முனகி நின்றது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. விற்பவரின் முகம் வாடிவிட்டது.

"ஒரு நிமிசம் மக்கா" என்றார் அப்பா. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார்.

நான் அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அவர் கழற்றிய திருகுகளை உள்ளங்கையில் வரிசை மாறாமல் அடுக்கினேன். கணக்கு வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்காத என் கண் அந்த மோட்டாரை விட்டு நகரவில்லை. உள்ளே தேங்காய் நார் சுற்றிக்கிடந்தது. அப்பா அதை ஒவ்வோர் இழையாக உருவி எடுத்தார். துருவி மறுபடி சுழன்று, பூவாகத் துருவல் கொட்டியபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். விற்பவர் என் கை நிறையத் துருவலை அள்ளித் தந்தார். அதை நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா.

"எங்க நிக்கிய?"

மணி பதினொன்று இருபது. "இன்னா வந்தாச்சு" என்றார் அப்பா.

ஆட்டோ பாதி வழி போனபிறகு நான் கத்தினேன். "அப்பா, ஃபைலு!"

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். இருவருக்கும் அம்மாவை நினைத்துப் பயம். ஆனாலும் எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது.

அம்மா நர்ஸிடம் கெஞ்சி, பின்னால் இருந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, டாக்டரின் அறை வாசலிலேயே நின்றாள். எங்களுடைய வெறுங்கைகளைப் பார்த்தாள். என் தாடையில் ஒட்டியிருந்த தேங்காயைத் துடைத்துவிட்டாள். அதற்குத் திட்டு வாங்குவதே மேல்.

டாக்டரம்மா ஏன் தாமதம் என்று கேட்டார். அப்பா நார் சுற்றிய விதம் உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டரம்மா புன்னகையோடு குறித்துக்கொண்டு அம்மாவிடம் கேள்விகளை ஆரம்பித்தார்.

"தொடங்குன வேலைய பாதியில விட்டுட்டு வேற ஒண்ணுக்குப் போறது உண்டா?"

"உண்டு."

"சாவி, போன், குடை எல்லாம் அடிக்கடி தொலையுமா?"

அம்மா ஒரு கணம் திகைத்தாள். என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"டாக்டர், நீங்க இப்ப யாரைப் பத்திக் கேக்கிய?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அந்நியர் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏ.டி.எச்.டி.ன்னு ஒரு கவனக் கோளாறா இருக்கலாம். ஒரே நாள்ல உறுதியா சொல்ல முடியாது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் படிவம் தாரேன், நிரப்பிக் கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா, இது சோம்பேறித்தனம் இல்ல, திமிரும் இல்ல. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு இருக்கிறதும் புதுசு இல்ல."

"பெரிய ஆளுக்கும் படிவம் உண்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

அதையும் வாங்கிக்கொண்டு வடசேரிக்கு ஓடினோம். துருவிக்காரர் பச்சை ஃபைலின்மேல் தேங்காய் மூடிகளை அடுக்கிவைத்து ஜோராக வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா நடுவில் உட்கார்ந்து படிவங்களை நிரப்பினாள். எந்தக் கேள்விக்கு யாருக்கு அதிக மதிப்பெண் என்று நானும் அப்பாவும் போட்டி போட்டோம். பெரும்பாலும் அப்பாதான் ஜெயித்தார்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல எப்பிடி?" என்று வாசித்தாள் அம்மா.

"வகுப்புக்கு வெளியே முட்டுக்கால் போட்டே ஒன்பதாம் கிளாஸ் வரை போனேன். எனக்குப் பேரே மடையன்தான்" என்று அப்பா சிரித்தார். பிறகு பேனாவையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப நான் மடையன் இல்லியா?"

போட்டியின் உற்சாகத்தில் நான் முந்திக்கொண்டேன். "யாரு சொன்னா? நம்பர் ஒன் மடையன்!"

அப்பா என் தலையில் குட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, "இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஒரு விளையாட்டுக் கேள்விக்கு அம்மா ஏன் இரண்டு முறை பதில் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த கேள்வியை வாசிக்கச் சொல்லி அவளை அவசரப்படுத்தினேன்.