சர்வர் அக்காவும் எழுதித் தள்ளிய லாகும்

இன்று நான் சந்தித்தவரைப் பற்றி உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்! ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே இருப்பவர்தான் எல்லாரும் சொல்லும் 'சர்வர் அக்கா'.

டாக்டரோ, நர்ஸோ, பில் போடுபவரோ, யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் "இவர் நம்ம ஆள்தானா?" என்ற கேள்வி அக்காவின் லினக்ஸ் சர்வருக்கு வரும். பெயரையும் பாஸ்வேர்டையும் பார்த்து அது தலையாட்டினால்தான் உள்ளே போகலாம்.

போன வாரம் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்து அண்ணனின் கணக்கு தினமும் பூட்டிக்கொண்டது. யாரோ அவர் பெயரில் தப்பான பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்தான் பாஸ்வேர்டை யாருக்கோ அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று மேலிடம் முடிவுகட்டி, மறுநாளே விசாரணை என்று நாள் குறித்துவிட்டது. வேலையே போய்விடும்.

"சத்தியமா யாருக்கும் குடுக்கலம்மா. எனக்கே அது பாதி நாள் ஞாபகம் வராது."

"அண்ணே, அதை விசாரணையில சொல்லித் தொலைக்காதீங்க!"

தப்பு எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று பிடிக்க, நடப்பதை எல்லாம் லாக் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும்படி அக்கா சர்வருக்குச் சொன்னார். வந்தது வினை. அது ஒவ்வொரு வரியும் டிஸ்கில் ஏறும்வரை காத்திருந்துதான் அடுத்த ஆளைக் கவனித்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வார்டு வார்டாக எல்லாரும் திரையில் சுற்றும் வட்டத்தையே வெறித்துக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "லாகை நிறுத்தும்மா. நோயாளிங்க காத்திருக்காங்க."

"நிறுத்தினா அண்ணன் மாட்டிப்பாரு சார்."

"மத்தியானம் வரைக்கும் டைம். அப்புறம் நானே நிறுத்திடுவேன்."

"எங்க நிறுத்தணும்னு தெரியுமா சார்?"

"பிளக்கைப் புடுங்கத் தெரியும்."

அக்கா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வீட்டுக்காரர் போனில் "சாப்பிட்டியா?" என்றதற்கு, "வைங்க, எண்ணிட்டிருக்கேன்" என்று கட் செய்தார். லாகில் குவிந்து கிடந்த வரிகளை வகை பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "உயிரோட இருக்கியா? உயிரோட இருக்கியா?" எந்தப் புண்ணியவான் கேட்கிறான் என்று தேடினால், சாட்சாத் அக்காவேதான்! சர்வர் விழுந்துவிடுமோ என்று பயம் வந்தபோதெல்லாம் அவர் போட்டு வைத்த கண்காணிப்பு புரோகிராம்கள்.

தலையில் அடித்துக்கொண்டு, ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் நிறுத்தினார். யார், எந்த மெஷினிலிருந்து, நுழைய முடிந்ததா என்பதை மட்டும் எழுதச் சொன்னார். அதையும் வரிக்கு வரி டிஸ்குக்கு ஓடாமல், மெமரியில் சேர்த்து மொத்தமாக எழுதும்படி மாற்றினார். கரண்ட் போனால் கடைசி சில வரிகள் போகும். போகட்டும்!

மேனேஜர் வந்தார். "நிறுத்திட்டியா?"

"இல்ல சார், ஓடிட்டிருக்கு."

நம்பாமல் தானே லாகின் செய்து பார்த்தார். சட்டென்று திறந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் ஆசாமி சிக்கியது. ஸ்டோர் ரூமில் ஓரங்கட்டி, அணைக்க மறந்த, பரிசோதனைக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டர். அண்ணன் எப்போதோ மாற்றிவிட்ட பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விடாமல் கதவைத் தட்டியிருக்கிறது. விசாரணை ரத்து. அண்ணன் சர்வர் அறைக்கே ஓடிவந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நின்னது போதும்ண்ணே, போய் அதை ஆஃப் பண்ணுங்க" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று வேலை பார்க்கிற எல்லாருக்கும் இதை அனுப்புங்கள். உங்கள் இடத்திலும் இப்படி ஒருவர் கண்டிப்பாக இருப்பார். சிஸ்டம் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் போய், அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.