ஸ்கேனை நிறுத்திய வயிற்றுவலி

குழந்தைகளே, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். என் மனைவிக்கு நெகட்டிவ் ரத்தம். மூத்த மகள் ஷைனிக்கு என்னைப்போல பாசிட்டிவ். இப்போது மனைவியின் வயிற்றில் இருக்கும் இரண்டாவது குழந்தைக்கும் பாசிட்டிவ் என்றால், அம்மாவின் உடம்பே அதன் ரத்தத்தை அழித்துச் சோகை வரவைக்கலாம். அதனால் வாராவாரம் வேலூரில் ஸ்கேன் எடுத்தோம்.

ஷைனிக்கு அது பொறுக்கவில்லை. "எப்போ பாரு பாப்பாவுக்குத்தான் ஆஸ்பத்திரி, பஸ்ஸு. எனக்கு இன்னா இருக்கு?" என்பாள். ஒருநாள் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். "அடுத்த வாரம் போய்க்கலாங்க" என்று மனைவி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ் போனதும் ஷைனி எழுந்து, "பரோட்டா வாங்கிட்டு வாப்பா" என்றாள்.

எனக்கு மனசு கேட்காமல் மறுநாளே மனைவியைக் கூட்டிப்போனேன். ஊசி குத்தாமலே, குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை டாக்டரம்மா ஸ்கேனில் பார்த்தார். "ரொம்ப வேகமா ஓடுது. ரத்தம் நீர்த்துப்போனாத்தான் இப்படி ஓடும். சோகைதான். ஒரு வாரம் விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார். வயிற்றுக்குள் இருக்கும்போதே குழந்தைக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தது.

அதற்குப் பிறகு ஷைனியை விட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போவதே இல்லை. டாக்டரம்மா அவள் கையிலும் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க வைத்தார்.

"பாப்பாவைவிட எனக்குத்தான் சத்தம் ஜாஸ்தி, இல்லப்பா?" என்றாள் ஷைனி.

"ஆமாம்மா" என்றேன்.