பொந்துக்குள் இருவாச்சி

கினிகத்தேனைப் பக்கம் நான் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தின் காவற்காரர், பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவர். ஒருநாள் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு காட்டோர மரத்தடியில் நின்றார். மேலே, அடைபட்ட பொந்தின் கீறல் வழியே ஆண் இருவாச்சி தன் நீண்ட அலகால் உள்ளிருந்த பெட்டைக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தது.

"அடைச்சு வச்சுத் தீனி போடுறான் பாருங்கய்யா. அடைப்ப வெட்டி விடப்போறேன்."

"முட்டை வைக்க அதுவேதான் உள்ள போய் அடைச்சுக்கிச்சு. ஒடச்சா குஞ்சு செத்துரும்," என்றேன்.

"யாரு சொன்னா, வெளிய திரியிறவனா? நாங்களும் ஆசப்பட்டுத்தான் லயத்து ஒத்தை அறையில கெடக்கோம்னு தோட்டத்துத் தொரையும் சொல்றாரு."

கத்தியை இறக்கினார். ஆனால் என்னை நம்பவில்லை; தினமும் வந்து நின்றார். சில வாரங்களில் பெட்டை தானே அடைப்பைக் கொத்தி உடைத்து வெளியே பறந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"திரும்பி உள்ள போகுதான்னு பாப்போங்கய்யா," என்றார், பொந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.