ஐந்து படத்தில் ஒரு கொலு

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஹால் கொலுவுக்கு ஏற்றதல்ல. படிகள் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொள்ளும். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் கேமராவுக்குள் பாதிக் கொலுதான் வரும். திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியாருக்கோ முழுக் கொலுவும் ஒரே படத்தில் வேண்டும். பொம்மைகள் அவர் கொடுத்தவை. ஆண்டுதோறும் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணுவார். "துண்டு துண்டா அனுப்பாதீங்க மாப்பிள்ளை, எண்ணிக்கை தப்பிருது" என்பார்.

போனில் இருக்கும் பனோரமாவில் எடுத்தால் படிகள் வில்லாக வளைகின்றன. அதனால் இடமிருந்து வலமாக ஐந்து படம் எடுப்பேன். ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் கொஞ்சம் வரவேண்டும். அந்தப் பொதுவான பகுதியை வைத்துக் கம்ப்யூட்டர் ஐந்தையும் ஒட்டித் தரும். ஒட்டு தெரிந்தால் எனக்குப் பொறுக்காது. அப்படி ஒரு புத்தி.

போன நவராத்திரியில் இரண்டாவது படத்தை எடுக்கும்போது மனைவி விளக்குக்கு எண்ணெய் விடக் குனிந்தாள். மூன்றாவதில் அவள் இல்லை. ஒட்டி வந்த படத்தில், உடம்பை ஊடுருவிப் படி தெரிய, அரைகுறையாக இருந்தாள். தலையில் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது.

அவளுக்குப் புற்றுநோய் சிகிச்சை அப்போதுதான் முடிந்திருந்தது. முடி முழுக்கக் கொட்டி, அரை விரல் நீளம் முளைத்திருந்தது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டைபாய்டு என்றோம். வீடியோ காலை எடுக்காமல் டெல்லி நெட்வொர்க் மேல் பழி போட்டோம். ஆறு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

பொதுவான பகுதியில் எந்தப் படத்தைக் காட்டுவது என்பது என் கையில். இரண்டாவதை வைத்தால் அவள் முழுதாக இருப்பாள். மூன்றாவதை வைத்தால் விளக்கு மட்டும். இரண்டு விதமாகவும் செய்தேன். அவள் இல்லாத படத்தில் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாகப் போயிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டையும் காட்டி, "எதை அனுப்பட்டும்?" என்றேன்.

"நல்லாத்தான் ஒட்டிருக்கீங்க" என்று, தான் இல்லாத படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நான் இருக்கறத அனுப்புங்க."

அனுப்பினேன். நீல டிக் வந்தது. அரை மணி நேரம் ஒரு பதிலும் இல்லை. சுண்டலுக்கு உப்புப் போட்டேனா என்று இரண்டு முறை என்னிடம் கேட்டாள். பிறகு வீடியோ கால் வந்தது. தலைத்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு எடுத்தாள்.

மாமியார் திரையருகே குனிந்து பார்த்தார். "மேல்படில மரப்பாச்சி சாஞ்சு நிக்கி, நிமித்தி வை" என்றார். மனைவி நிமிர்த்தினாள்.

"டைபாய்டுக்கு யாராவது ஆறு மாசம் முகத்த மறைப்பாளாட்டி? நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

மனைவி அழுதாள். கேமராவுக்கு வெளியே நின்றதால் நானும் தாராளமாக அழுதேன்.

"அழாதட்டி" என்றார் மாமியார். "ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டேன். பொம்மையும் குறையல, நீயும் இருக்க."