வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டுச் சிலந்தி

ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை, சுவரில் இருக்கும் சிலந்திக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்.

சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில், ஊழியர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பிரிவில் தலை நரைத்தவன் நான். குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை, தண்டனை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு விதி உண்டு. விதிப்படி செய்தால் எந்தக் கொடுமையையும் செய்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாக ரசம் சோறு சாப்பிடலாம் என்பது அங்கே கற்ற பாடம். ஓய்வு பெற்றதும் இந்தப் படிப்பு வீணாகிவிடுமோ என்று கவலையாக இருந்தது. பூச்சிகளை நெருங்கிப் படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கியதும் கவலை தீர்ந்தது.

பறவைகளைப் படம் எடுக்க நடக்கவேண்டும். என் முழங்கால்கள் அதற்கு ஒப்பவில்லை. சிலந்தி வீட்டுக்கே வரும். ஆனால் கடுகைவிடச் சிறிய அதன் கண்ணில் ஃபோகஸ் விழவேண்டும். கண் கூர்மையானால் கால் மங்கிவிடும். நாம் மூச்சு விட்டாலே படம் போயிற்று. ஆகவே சிலந்தி அசையக்கூடாது. அதற்கு வழிகள் உண்டு. பூச்சிப் படம் எடுக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். ஊறுகாய் டப்பாவில் அடைத்துக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகும். நேரம் கூடிவிட்டால் கால்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். செத்ததை அப்படித்தான் கண்டுபிடிப்பது.

நந்தியாவட்டைச் செடியில் வலை கட்டியிருந்த சிலந்தி இரை தின்பதை எடுக்க ஆசைப்பட்டபோது, வெட்டுக்கிளி ஒன்றின் பின்னங்கால்களைக் கிள்ளிவிட்டு இடுக்கியால் வலையில் வைத்தேன். கிள்ளாவிட்டால் உதைத்து வலையைக் கிழித்துவிடும். சிலந்தி அதை நூலால் சுற்றிக் கட்டும்போது வெட்டுக்கிளியின் வாய் அசைவதுகூட லென்ஸில் தெரிந்தது. அந்தப் படத்துக்குக் குழுவில் நிறையக் கும்பிடுகள் விழுந்தன.

என் மனைவிக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. பார்த்த இடத்தில் அடிப்பாள். ஆனாலும் ஃபிரிட்ஜ் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கொள்கை இருந்தது.

“இட்லி மாவு பக்கத்துல எட்டுக்கால் பூச்சி டப்பாவ வெச்சிகினு கீறீங்களே, இன்னா வீடு இது?”

“மூடி போட்டுதானே வச்சிருக்கேன்.”

“உங்களுக்கும் ஒரு மூடி போட்டா நல்லாருக்கும்.”

இப்படி இருக்கும்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். அவள் கணவனுக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. அவள் காலெடுத்து வைத்த நாளிலேயே வீட்டுச் சட்டம் மாறியது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் எந்த உயிரையும் அடிக்கக்கூடாது, அடித்தால் பிறக்கப்போவதற்கு ஊனம் வரும் என்பது என் மனைவியின் பிறந்த வீட்டு வழக்கம். எலிப்பொறி பரணில் ஏறியது. ஊறுகாய் டப்பா ஃபிரிட்ஜை விட்டு வெளியேறியது. கரப்பான் பூச்சியைக்கூட என் மனைவி, விருந்தாளியை வழியனுப்புவதுபோல் காகிதத்தில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோய் விட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் தடை உத்தரவு நமக்குச் சாதகமாக இருந்தால், அதைப் போட்டது யார் என்று ஆராயக்கூடாது.

அந்த உத்தரவின் நிழலில்தான், உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி குளியலறைக் கதவுக்குப் பின்னால் வந்து குடியேறியது. வலை கட்டாத ஜாதி. ஓடிப் பிடித்துத் தின்னும். வயிற்றுக்கு அடியில் பெரிய சட்டைப் பொத்தான்போல் தட்டையான முட்டைப் பை. குஞ்சுகள் வெளியே வரும்வரை அதைக் கீழே வைக்காது, இரையும் தொடாது. பை திறந்து குஞ்சுகள் தாயின் மேல் ஏறும் அந்த நேரத்தை எங்கள் குழுவில் ஒருவரும் எடுத்ததில்லை. எனக்கு அது வேண்டும். சர்க்கரை, பிரஷர் பரிசோதனை முடிவுகளைத் தவிர வேறு எதையும் எதிர்பார்த்து நான் காலையில் எழுந்து நெடுநாள் ஆகியிருந்தது.

தினமும் முகம் கழுவுவதற்கு முன் அதைப் படம் எடுத்தேன். மகள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் கதவருகில் உட்கார்ந்துகொண்டாள்.

“நைனா, என் ஸ்கேனுக்கு ஒரு நாள்கூட நீ வர்ல. இதுக்கு மட்டும் டெய்லி எடுக்கற.”

“உன் ஸ்கேன் தெளிவா இல்லம்மா.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாவம் நைனா, ஒண்ணும் துன்னாம கீது. ஒரு பூச்சியாவது புடிச்சிப் போடேன்.”

“போட்டுப் பாத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

“நானும் மொதல்ல அப்டித்தான இருந்தேன். சோத்தப் பாத்தாலே கொமட்டும்.” பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னாக்கா, உனுக்கும் இடுப்பு வலிக்குதா?”

அதிலிருந்து குளியலறைக் கதவை அவள் சத்தம் வராமல் சாத்தினாள். தண்ணீர் தெறிக்காமல் குளித்தாள். அவளுக்கு அது ஒரு துணை. எனக்கு அது ஒரு கெடு. குழந்தை பிறப்பதற்கு முன் பை திறக்கவேண்டும். பிறந்துவிட்டால் உத்தரவு காலாவதி, துடைப்பம் வெளியே வந்துவிடும். பையின் நிறம் நாளுக்கு நாள் கறுத்துவந்தது. கருமை நல்ல அறிகுறி.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பனிக்குடம் உடைந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் காரில் விரைந்தோம். சந்திரகிரி தாண்டும்போது என் மனைவி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தாள். நானும் வேண்டிக்கொண்டேன், இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகட்டும் என்று. யாருடைய வேண்டுதல் கேட்கப்படும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஆபரேஷன், பெண் குழந்தை, இரண்டு உயிரும் நலம்.

மருமகனையும் அவன் அம்மாவையும் ஆஸ்பத்திரியில் இருத்திவிட்டு, குழந்தை வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்ய நாங்கள் திரும்பினோம். மனைவி புடவைகூட மாற்றவில்லை. துடைப்பத்தோடு நேரே குளியலறைக்குப் போனாள்.

“பச்சப்புள்ள வர்ற வீடு. இது புள்ள மேல ஒண்ணுக்கு உட்டுதுன்னா ஒடம்பெல்லாம் கொப்புளம் போடும்.”

“அது சிலந்தியால வர்றதில்ல. அது வேற வியாதி.”

“பெரிய டாக்டரு இவுரு, சொல்லிட்டாரு.”

அறிவியல் செல்லாது என்று தெரிந்ததும் நடைமுறைக்கு மாறினேன். “தீட்டு கழிஞ்சு பேர் வைக்கிற வரைக்கும் தாயும் பிள்ளையும் ஒண்ணுதான். அதுவரைக்கும் உங்க வீட்டு வழக்கம் செல்லும்.”

“வயித்துல கீற வரைக்கும்தான் வழக்கம். வயித்துலருந்து வந்துட்ச்சி இல்ல? சாலு, போதும், நவுருங்க.”

என் எதிரில் வாதாடிய எந்த வக்கீலும் ஒரு விதியை இவ்வளவு சுத்தமாகப் படித்ததில்லை.

டப்பாவில் பிடித்துத் தோட்டத்தில் விட்டிருக்கலாம். ஆனால் பதறினால் பையைப் போட்டுவிட்டு ஓடும். நந்தியாவட்டைக்குக் கீழே போனால் ஓணான் தின்னும். எப்படிப் பார்த்தாலும் என் படம் போய்விடும். “ஒரு நிமிஷம் இரு” என்று சொல்லிக் கேமராவையும் ஃபிளாஷையும் எடுத்துவந்தேன். பீங்கான் தட்டு, இடுக்கி, நகக் கத்தரி எல்லாவற்றையும் ஜன்னலோரம் வைத்தேன்.

“தலையில அடி. பை மேல படக்கூடாது.”

ஓங்கிய கை நின்றது. “இன்னா?”

“அம்மாவ மட்டும் அடி. பைய நான் பிரிச்சுக்கறேன்.”

அவள் என்னை அப்படி ஒருமுறையும் பார்த்ததில்லை. “நான் பயந்துகினு அடிக்கறேன்” என்றாள். “நீங்க இன்னாத்துக்கு?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துடைப்பத்தைத் திருப்பி, கட்டையால் ஒரே அடி. சரியாகத் தலையில். கட்டையைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

மடங்கிய கால்கள் பையை இறுகப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக விலக்கினேன். தட்டில் வைத்து விளிம்போரமாகக் கத்தரித்தேன். உள்ளே அரிசிக் குருணைபோல் குஞ்சுகள். இன்னும் ஓரிரு நாள் போயிருக்கவேண்டும்; நிறம் ஏறவில்லை, ஓடத் தெரியவில்லை. கால் நுனிகள் மட்டும் லேசாக விரிந்து மடங்கின. தாயின் மேல் எடுத்துவைத்தால் உருண்டு விழுந்தன. நான் கோணம் மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் விளிம்பிலிருந்து எறும்புகள் இறங்கிவந்தன. ஊதித் தள்ளியிருக்கலாம். ஒவ்வொரு எறும்பும் ஒரு குஞ்சைத் தூக்கியது. தூக்கிய பிறகும் கால்கள் விரிந்து மடங்கின. வெளிச்சம் நன்றாக இருந்தது. அவ்வளவு கூர்மையான படம் நான் அதுவரை எடுத்ததில்லை. குழுவில் போட்டேன். ‘இயற்கை எவ்வளவு குரூரமானது’ என்று ஒருவர் எழுதினார். நன்றி சொன்னேன்.

மகள் வீடு வந்ததும் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஃபினாயில் வாசனையும் கழுவிய சுவரும் இருந்தன. திரும்பிவந்து என் கையிலிருந்த கேமராவை வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். எறும்புகளிடம் வந்ததும் விரல் நின்றது.

“இதுங்க உயிரோட கீதா நைனா, இதுல?”

“கீது. கால் அசையறதாலதான் நுனி கொஞ்சம் மங்கிச்சு.”

“நீ பாத்துகினே இருந்தியா?”

“பாக்காம எப்டிம்மா எடுக்கறது?”

குழந்தை அழுதது. தையலோடு அவளால் குனிய முடியாது என்று நான் தொட்டிலுக்குப் போய்க் கை நீட்டினேன். “தொடாத” என்றாள். சுவரைப் பிடித்து எழுந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானே குனிந்து எடுத்தாள். வலியில் முகம் வெளுத்தது. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள்.

“கை கழுவிகினு வாங்க, பாக்கலாம்.”

சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன். கதவு சாத்தியிருந்தது.