பஸ்ஸில் எரிந்த புளியங்கொட்டைப் பத்தி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புதுக்கோட்டையில் நான் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஆலங்குடியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போவேன்.

எங்கள் புராஜெக்ட் ஊதுபத்தி. சிரிக்காதீர்கள், என் அண்ணன் சிரித்ததே போதும். ஊதுபத்தி மாவு குச்சியில் ஒட்டி நிற்க ஒரு காட்டு மரத்தின் பட்டைப் பொடியைச் சேர்ப்பார்கள். பட்டையை உரித்து உரித்தே அந்த மரங்கள் பட்டுப்போகின்றன. அதற்குப் பதிலாக, புளி எடுத்த பிறகு நாம் தூக்கிப் போடுகிற புளியங்கொட்டையைப் பொடித்துப் பசையாக்க முடியுமா என்று நானும் என் தோழியும் முயன்றுகொண்டிருந்தோம். ஒட்டுவதெல்லாம் அருமையாக ஒட்டியது. எரிவதில்தான் தகராறு. ஒன்று முழுசாக எரியும். அதே கட்டிலிருந்து எடுத்த இன்னொன்று பாதியில் அணையும். ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை ரிவியூ. அன்று பத்தி அடிவரை எரியாவிட்டால் தலைப்பை மாற்றிவிட வேண்டும் என்று எங்கள் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். எத்தனையோ நாள் புளியங்கொட்டை வறுத்துத் தோலுரித்த கை என்னுடையது. மாற்றுவதாவது! எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. எங்கள் டிரைவர் அண்ணன் சாமி படத்துக்குப் பத்தி காட்டி, அதை வாழைப்பழத்தில் செருகிய பிறகுதான் கியர் போடுவார். அன்று அவருடைய பத்திப் பாக்கெட் காலி. "யாராச்சும் பத்தி வச்சிருக்கீங்களா?" என்று கண்டக்டர் கேட்டதும், பையிலிருந்த எங்கள் பத்திக் கட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினேன். "நாங்களே செஞ்சதுண்ணே" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

டிரைவர் கொளுத்தினார், காட்டினார், செருகினார். வண்டி பின்னால் நகர்ந்ததும் பத்தி அணைந்தது. அவர் இன்ஜினையே நிறுத்திவிட்டார். இன்னொன்றைக் கொளுத்தினார். அதுவும் கொஞ்சம் எரிந்து கண்ணை மூடிக்கொண்டது.

"என்ன பாப்பா, ஒன் பத்தி எந்திரிச்ச ஒடனே தூங்குது?"

பஸ்ஸே சிரித்தது. "அண்ணே, பத்திய விடுங்க, வண்டிய எடுங்க. எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று பின் சீட்டிலிருந்து ஓர் அக்கா கத்தினார். "அணைஞ்ச பத்தியோட எடுக்க மாட்டேம்மா. மனசு கேக்காது" என்றார் டிரைவர். கடைசியில் கண்டக்டர் டீக்கடைக்கு ஓடி, அங்கே எரிந்துகொண்டிருந்த பத்தியையே பிடுங்கிக்கொண்டு வந்தார். வண்டி கிளம்பியது.

எனக்கு அழுகை ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "ஏம்மா, கடையில நல்ல பத்தி விக்கிறப்ப ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாரோ இல்லையோ, பிடித்துக்கொண்டேன். பட்டை, மரம், புளியங்கொட்டை, வெள்ளிக்கிழமை ரிவியூ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. முடித்தபோது பஸ் மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "நல்ல விசயம்தானே இது. ரெண்டு குடு, வீட்டுல கொளுத்திப் பாத்துட்டுச் சொல்றேன்."

"இங்கிட்டும் ரெண்டு குடும்மா" என்றார் ஆபீஸ் அக்கா. அங்கிட்டு ஒரு கை, இங்கிட்டு ஒரு கை என்று நீண்டு, புதுக்கோட்டை வருவதற்குள் கட்டு தீர்ந்துவிட்டது. என் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதுமே பஞ்சாயத்து. கண்டக்டர் வீட்டில் பாதியில் அணைந்துவிட்டதாம். அக்கா வீட்டில் சாம்பல் அடிவரை விழுந்ததாம். "புள்ள மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றீங்க" என்றார் கண்டக்டர். "நான் ஏன் பொய் சொல்றேன்? சாம்பல அள்ளிட்டு வரட்டுமா?" என்று அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். இருவரையும் விலக்குவதற்காகத்தான் கேட்டேன், பத்தியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று. அக்கா ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தாராம். கண்டக்டர், குளிக்கப் போனபோது குளியலறை ஜன்னலில் வைத்தவர் அப்படியே மறந்துவிட்டாராம். தையல் கடைக்காரர் ஒருவர், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது நன்றாக எரிந்தது என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈரம்! வாசனை போய்விடக் கூடாதே என்று நிழலிலேயே உலர்த்தினோம். புளியங்கொட்டைப் பொடி காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறது. லேபில் அடுப்புப் பக்கம் கிடந்த குச்சி எரிந்ததும், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கிடந்தது அணைந்ததும் எங்கள் கண்ணில் படவே இல்லை. கல்லூரிக்கு ஓடினேன். பொடியைக் குறைத்து, கொட்டாங்குச்சிக் கரியைக் கூட்டி, மிதமான சூட்டில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை டிரைவரே கையை நீட்டினார். "ஒங்க மேடம் பாக்குறதுக்கு முன்னாடி நாங்க பாக்கணும்ல?" பத்தி வாழைப்பழத்தில் நின்றது. வண்டி பின்னால் நகர்ந்தது. அணையவில்லை. வேகத்தடையில் குலுங்கியது. அணையவில்லை. வழியிலிருக்கும் திருவரங்குளம் தாண்டியும் புகை வந்துகொண்டிருந்தது. நெருப்பு அடியிலிருந்த வெறும் குச்சியைத் தொட்டு அடங்கியபோது டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார். பஸ்ஸே கை தட்டியது. நான் மட்டும் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

ரிவியூவிலும் அடிவரை எரிந்தது. தலைப்பு தப்பித்தது. எங்கே சோதித்தீர்கள் என்று மேடம் கேட்க, பஸ்ஸில் என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

புராஜெக்ட் அறிக்கையில் நன்றிப் பக்கம் எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குக் கை ஓடவில்லை. அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. 'ஆலங்குடி காலை பஸ்ஸில் வந்த எல்லோருக்கும்' என்று எழுதினோம். இப்போது எம்.எஸ்சி. படிக்கிறேன்; ஏதாவது சோதனை சொதப்பினால் வாயை மூடிக்கொண்டு உட்காராமல் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகவே புலம்பிவிடுகிறேன், ஏனென்றால் முன்பின் தெரியாதவர்கள்கூட நம் தோல்வியில் ஆளுக்கு இரண்டு குச்சி கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.