அண்ணன் போட்ட கல் தோட்டமும் நாம் தூவிய தானியமும்

அண்ணன் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டைக்குப் படம் தேடினோம். ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. எல்லாவற்றிலும் எங்கேயோ கிளம்புகிற மாதிரியே நிற்கிறார். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் போட்டோம். அதிலும் பார்வை பக்கவாட்டில்தான்.

பிறந்தது குண்டடம் பக்கம், மானாவாரிக் காட்டில். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் வெறும் மண். அப்பா காலமானதும் அம்மா அண்ணனையும் தங்கை என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தார். அண்ணன் மண்ணரையில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமிக்கொண்டே மெஷினில் நின்றவரை முதலாளி வாசலுக்கு அனுப்பி, செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னார். தோட்ட வேலை அப்படித்தான் வந்தது.

துணி வாங்க வெளிநாட்டு பையர்கள் வருகிற கம்பெனி அது. அவர்கள் வரும்போது வாசல் அவர்கள் ஊர் மாதிரி இருக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அண்ணன் செல்போனில் படம் பார்ப்பார். கீழே எழுதியிருப்பதை ஆபீஸ் பெண்களைப் படித்துச் சொல்லச் சொல்வார். பிறகு நல்லூரில் தம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போட்டுப் பார்ப்பார். அங்கே சரியாக வந்தால்தான் கம்பெனி வாசலுக்குப் போகும்.

முதலில் பிரான்ஸ் தோட்டம். செடியெல்லாம் ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி நின்றது.

"அந்த ஊரு ராஜா பாக்கறப்ப மரமும் அட்டென்சன்ல நிக்கோணுமாம் அம்மிணி" என்றார்.

அதைப் பிடுங்கிப்போட்டு இங்கிலீஷ் தோட்டம். அந்த நாட்டுக்காரர்களுக்குக் கோடு சலித்துப்போய், மேடு பள்ளமாகப் புல் வளர்த்து, யாரும் கை வைக்காத இடம் மாதிரி ஆக்கினார்களாம். அப்படித் தெரிய வைக்க அண்ணன் ஓயாமல் கை வைத்தார். குடிக்க வைத்த தண்ணீரும் புல்லுக்குப் போயிற்று.

"எல்லாத்தையும் புல்லுக்கே ஊத்துங்க. நாளைக்கு எனக்கு ஊத்தற பாலையும் அதுமேலயே ஊத்துங்க" என்று அண்ணியார் கத்தினார்.

அண்ணன் சிரித்தார். அதையும் பிடுங்கினார். அடுத்தது பாரசீகத் தோட்டம். பாலைவனத்து ஆட்கள் தண்ணீரை நாலு வாய்க்காலாகப் பிரித்து, நடுவில் உட்கார்ந்து சத்தம் கேட்பார்களாம். மொகலாயர்கள் இங்கே கொண்டுவந்ததும் அந்த முறைதானாம். வாய்க்கால் கட்டி முடித்ததும் போர்க்கிணறு வற்றிவிட்டது. நாலு வாய்க்காலிலும் அண்ணியார் மிளகாய் காயப்போட்டார்.

கடைசியில் ஜப்பான் தோட்டம். பெரிய கல்தான் மலை. வெள்ளை ஜல்லிதான் கடல். மரத்தில் சீப்பு மாதிரி செய்து ஜல்லியில் இழுத்தால் அலை. பூ இல்லை, இலை இல்லை, தண்ணீரும் வேண்டாம்.

"ஏனுங் மச்சா, லோடு எறக்கிட்டு ஊடு கட்ட மறந்துட்டீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மழ பேயாத ஊருக்கு இதுதான் தோட்டம் மாப்ள. எங்க காடும் இப்படித்தான் கெடந்துச்சு. அப்பப் பாத்தா பயமா இருக்கும். இப்ப அழகா இருக்குது."

அதை மட்டும் அண்ணன் பிடுங்கவில்லை. தினமும் காலையில் அலை இழுப்பார், அழிப்பார், மறுபடி இழுப்பார். ஒரு முளை தலைகாட்டினாலும் கிள்ளிவிடுவார். நெஞ்சு நோவு முற்றிப் படுத்த பிறகு சீப்பை என்னிடம் கொடுத்தார்.

"இதுல ஒண்ணும் மொளைக்க உட்றாத அம்மிணி."

"செரீங்ணா" என்றேன்.

மின்மயானத்தில் எரித்தோம். மறுநாள் பால் ஊற்றி நவதானியம் தூவ வேண்டும். மயானத்தில் மண் இல்லை. சட்டியில் சாம்பல்தான் கொடுத்தார்கள்.

"அவன் கை பட்ட மண்ணு ஊட்டுக்குப் பொறகால இருக்குது. அங்கயே ஊத்துவோம் வாங்க சாமி" என்றார் பெரியப்பா.

எல்லோரும் போனீர்கள். அலைமேல் நடந்துபோய்ப் பால் ஊற்றினீர்கள், தானியம் தூவினீர்கள், கும்பிட்டீர்கள். அழுகிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது? நானும் ஒரு கை தூவினேன்.

காரியம் முடிவதற்குள் முளைத்துவிட்டது. பிடுங்கக் குனிந்தேன். அண்ணியார் என் கையைப் பிடித்தார்.

"பால் ஊத்துன பயிரு அம்மிணி. புடுங்குனா பாவம்."

"அண்ணன் சொல்லிப்போட்டுப் போயிருக்கறாருங்க."

"அவரு எதத்தான் புடுங்காம உட்டாரு? இத உடு."

விட்டேன். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கில் நூல் பிசிறு வெட்டும்போதெல்லாம் அந்த முளைதான் கண்ணில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை போவேன், குனிவேன், நிமிர்வேன், வந்துவிடுவேன். நெல் கருகியது. கொள்ளு படர்ந்து ஜல்லிக் கடலை மூடியது. மொச்சை மலைமேல் ஏறிக் காய்த்தது. காய் முற்றிக் காய்ந்த பிறகு அண்ணியாரிடம் கேட்டேன்.

"வெளஞ்சிருச்சுங்க. இனி எடுத்தாப் பாவமில்லீங்களே?"

அவர் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தார்.

இரண்டு பேரும் அடித்துப் புடைத்தோம். செடியை வேரோடு எடுத்தேன். ஜல்லியைக் கழுவிப் பரப்பி, சீப்பு போட்டு இழுத்தேன். கோணலாக வந்தது. அழித்து மறுபடி இழுத்தேன். இன்று காலையும் இழுத்தேன்.

மருந்துச் செலவு பார்த்த முதலாளிக்கும், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த கம்பெனியின் ஒடிசாத் தம்பிகளுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், அன்று பால் ஊற்றிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

மலரோடு சின்னப் பொட்டலம் இருக்கும். நீங்கள் தூவியதில் விளைந்தது. நாலு மொச்சை, கொஞ்சம் கொள்ளு. ஆக்கித் தின்ன மனம் வராதவர்கள் அவரவர் ஊரில் ஊன்றிக்கொள்ளுங்கள். வருஷத் திதிக்கு வந்தவர்கள் போகும் முன் வீட்டின் பின்பக்கம் வாருங்கள். நாற்காலி போட்டிருக்கிறேன். அண்ணன் அதில் உட்கார்ந்ததில்லை. நீங்கள் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஜல்லியை மட்டும் மிதிக்க வேண்டாம்.